கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி: ரூல்ஸ் நடுவுல மாறினா நாம என்ன பண்ணணும்?

கனடாவுல நிரந்தரமா குடியேற, அதாவது பிஆர் வாங்க, பாயிண்ட் போட்டு ஆள் எடுக்கிற முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, அப்பப்ப டிரா வச்சு கட்ஆஃப்க்கு மேல இருக்கிறவங்கள அப்ளை பண்ணச் சொல்லி இன்விடேஷன் அனுப்புவாங்க. அதுல 2021 பிப்ரவரி 13ம் தேதி நடந்த டிராவ நான் மறக்கவே மாட்டேன். அன்னைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி கட்ஆஃப் வெறும் 75, ஒரே நாள்ல 27,332 பேருக்கு இன்விடேஷன் போச்சு, நான் 484 பாயிண்ட் வச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல உக்காந்து ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தேன், எனக்கு எதுவும் வரல. ஏன்னா அந்த டிரா ஏற்கனவே கனடாவுக்குள்ள வேலை பாத்து எக்ஸ்பீரியன்ஸ் எடுத்தவங்களுக்கு மட்டும். கொரோனால பார்டர் மூடியிருந்துச்சு, உள்ள இருக்கிறவங்களையே எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2020 டிசம்பர் கடைசில நடந்த பொது டிராவுல கட்ஆஃப் 468தான். ரெண்டே மாசம் முன்னாடி ரெடியாகியிருந்தா முடிஞ்சிருக்கும்.

அப்புறம் வெளிநாட்டுல இருக்கிற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு 2022 ஜூலை வரைக்கும் கதவு திறக்கல, திறந்த அன்னைக்கு கட்ஆஃப் 557. கடைசில 2023 மார்ச் 23ம் தேதி கட்ஆஃப் 484க்கு வந்தப்போ 485 வச்சு உள்ள வந்தேன். அந்த ரெண்டு வருஷத்துல என் ஸ்கோர் ஏறினது எறங்கினது எல்லாம் பாத்து நான் கத்துக்கிட்டதத்தான் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறேன், இப்ப எனக்கு வாரம் ஒருத்தராவது போன் பண்ணி "அண்ணே ரூல்ஸ் மாறிடுச்சாமே, இனிமே வேஸ்டா?"ன்னு கேக்குறாங்க. வேஸ்ட் இல்ல. ஆனா பழைய பிளான அப்படியே வச்சுக்கிட்டு காத்திருந்தா கண்டிப்பா வேஸ்ட் ஆகும்.

மொதல்ல, ரூல் எப்படி மாறுதுன்னு புரிஞ்சுக்கோங்க

பாயிண்ட் போட்டு ஆள் எடுக்கிற முறைய கனடா 1967லயே கொண்டு வந்துட்டாங்க, ஆனா 2015 ஜனவரில எக்ஸ்பிரஸ் என்ட்ரி வந்தப்புறம்தான் ஆட்டமே மாறுச்சு. முன்னாடி மார்க் இருந்தா அப்ளை பண்ணிட்டு வரிசைல நிக்கலாம், இப்ப ஒரு பூல்ல எல்லாரும் கிடப்போம், மேல இருக்கிறவங்கள அவங்க கூப்பிடுவாங்க. ஸ்கோருக்கு பேரு சிஆர்எஸ், மொத்தம் 1,200. இன்னொரு 67 மார்க் கணக்கு ஒண்ணு இருக்கு, அது வெளிநாட்டுல இருந்து ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர்ங்கிற பிரிவுல வர்றவங்க பூலுக்குள்ள நுழையவே தகுதி இருக்கான்னு பாக்குறதுக்கு, 100க்கு 67 எடுக்கணும். ரெண்டும் வேற வேற. இதைக் குழப்பிக்கிட்டு "எனக்கு 71 வந்துடுச்சு, பிஆர் கன்ஃபார்ம்"னு சொல்றவங்கள நிறைய பாத்துட்டேன், அது கேட் பாஸ் மட்டும்தான்.

இந்த சிஆர்எஸ் பாயிண்ட் எல்லாம் மினிஸ்டர் இன்ஸ்ட்ரக்ஷன்னு ஒண்ணு வழியா போடுறது. பார்லிமெண்ட்ல மசோதா கொண்டு வந்து விவாதம் பண்ணி ஓட்டு போட்டுத்தான் மாத்தணும்னு இல்ல, அமைச்சர் கையெழுத்து போட்டா போதும். அதனாலதான் இவ்ளோ வேகமா மாறுது. 2016 நவம்பர் வரைக்கும் ஒரு ஜாப் ஆஃபருக்கு 600 பாயிண்ட், அப்புறம் அது 50, பெரிய மேனேஜ்மெண்ட் வேலைனா 200, அப்புறம் 2025 மார்ச் 25ம் தேதில இருந்து சுத்தமா ஜீரோ. ஒன்பது வருஷம்கூட ஆகல.

புது அறிவிப்பு வந்தா யூடியூப் தம்ப்நெயில பாத்து பதறாதீங்க, இமிக்ரேஷன் டிபார்ட்மெண்ட் சைட்டுலயே போய் மூணு விஷயம் தேடுங்க. எந்த தேதில இருந்து. யாருக்கெல்லாம், அதாவது பூல்ல இருக்கிறவங்களுக்கா, இன்விடேஷன் வந்தவங்களுக்கா, ஏற்கனவே அப்ளிகேஷன் போட்டவங்களுக்கா. அப்புறம் இது ஸ்கோர மாத்துதா இல்ல தகுதிய மாத்துதா. ஜாப் ஆஃபர் விஷயத்தையே எடுத்துக்கோங்க, சிஆர்எஸ் பாயிண்ட்தான் போச்சு, பூல்ல இருந்தவங்களுக்கும் போச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே இன்விடேஷன் வாங்கினவங்களையும் அப்ளிகேஷன் போட்டவங்களையும் தொடல. அந்த 67 மார்க் கணக்குல ஜாப் ஆஃபருக்கு உண்டான 10 மார்க் அப்படியேதான் இருக்கு. இத படிக்காம "ஜாப் ஆஃபர் இனிமே எதுக்கும் உதவாது"ன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போறாங்க.

சொந்த பாயிண்ட், இரவல் பாயிண்ட்

நான் யாருக்கு சொன்னாலும் இதத்தான் மொதல்ல சொல்வேன். ஒரு பேப்பர எடுத்து உங்க பாயிண்ட ரெண்டா பிரிங்க. இங்கிலீஷ், ஃபிரெஞ்சு, படிப்பு, வேலை அனுபவம் இதெல்லாம் சொந்தம். ஜாப் ஆஃபர், கேட்டகரி (குறிப்பிட்ட வேலைக்கோ ஃபிரெஞ்சுக்கோ தனியா வைக்கிற டிரா), மாகாண நாமினேஷன் (ஒரு மாகாணமே உங்கள தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கிறது) இதெல்லாம் இரவல், கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிப் போட்ட நகை மாதிரி, குடுத்தவங்க கேட்டா கழட்டிக் குடுத்துத்தான் ஆகணும். இரவல் வேண்டாம்னு சொல்லல, கிடைச்சா போட்டுக்கோங்க, ஆனா அத நம்பி பிளான் போடாதீங்க.

ஜாப் ஆஃபர் பாயிண்ட ஏன் எடுத்தாங்கன்னா, அந்த 50 பாயிண்டுக்காக எல்எம்ஐஏ பேப்பர (வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்க முதலாளிக்கு கனடா அரசு குடுக்கிற அனுமதி) காசு குடுத்து வாங்குற வியாபாரம் பெருசாயிடுச்சு, அத நிறுத்தத்தான்னு அவங்களே சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ஒரு ஏஜெண்ட்கிட்ட நகைய அடகு வச்சு பணம் கட்டி அப்படி ஒரு ஆஃபர் வாங்கினான், ஆஃபர் வந்துச்சு, ரூல் போயிடுச்சு, பணம் திரும்பல. நல்ல வேளை அத ப்ரொஃபைல்ல போடல, பொய்னு தெரிஞ்சா அஞ்சு வருஷம் கனடாவுக்கு எதுக்குமே அப்ளை பண்ண முடியாம தடை பண்ணிடுவாங்க. தயவுசெஞ்சு இந்தப் பக்கம் போகாதீங்க, இப்ப அதுல பாயிண்ட்கூட இல்ல.

இங்கிலீஷ் டெஸ்ட்டுதான் உங்க கைல இருக்கிற பெரிய ஆயுதம்

என் கணக்கையே சொல்றேன். 2021 ஜனவரில எனக்கு 29 வயசு, கல்யாணம் ஆகல, எம்இ, மூணு வருஷத்துக்கு மேல வேலை அனுபவம், அக்கா கனடாவுல. ஐஇஎல்டிஎஸ் மொதல் தடவ எழுதினப்போ லிசனிங் 8, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் மட்டும் 6.5. மொத்த ஸ்கோர் 426. திரும்ப எழுதி ரைட்டிங் 7 ஆச்சு, வேற எதுவும் மாறல, ஸ்கோர் 484. அரை பேண்டுக்கு 58 பாயிண்ட்!

இது எப்படின்னா நாலு ஸ்கில்லும் சிஎல்பி (கனடாவோட இங்கிலீஷ் லெவல் அளவுகோல்) 9 தொட்டாத்தான் படிப்போட சேர்த்து ஒரு 50, வெளிநாட்டு அனுபவத்தோட சேர்த்து இன்னொரு 50 முழுசா கிடைக்கும், ஒண்ணே ஒண்ணு 8ல நின்னாலும் ரெண்டும் பாதியாயிடும். ஐஇஎல்டிஎஸ்ல சிஎல்பி 9னா லிசனிங் 8, மத்த மூணும் 7. எழுத வேண்டியது ஜெனரல் டிரெய்னிங், அகாடமிக் இல்ல, இத மாத்தி எழுதிட்டு அழுதவங்க இருக்காங்க. செல்பிப்ங்கிற இன்னொரு இங்கிலீஷ் டெஸ்ட்டும் எடுத்துக்குவாங்க, 2024 ஜனவரில இருந்து பிடிஇ கோர்னு ஒண்ணும் எடுத்துக்குறாங்க, பிடிஇ அகாடமிக் எடுத்துக்க மாட்டாங்க. ரைட்டிங்லயே திரும்பத் திரும்ப மாட்டுறவங்க வேற டெஸ்ட் ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாருங்க, சிலருக்கு கம்ப்யூட்டர்ல நல்லா வருது.

ரிசல்ட் ரெண்டு வருஷம்தான் செல்லும். டிரா நிக்கும் போதுதான் இது கடிக்கும், எனக்கு 2023 பிப்ரவரில முடிஞ்சது, நான் நவம்பர்லயே திரும்ப எழுதி நாலும் சிஎல்பி 10க்கு கொண்டு வந்தேன், அந்த 12 பாயிண்ட் இல்லனா நான் இன்னைக்கு இங்க இல்ல.

ஏன்னா வயசு அதுக்குள்ள தின்னுட்டு இருந்துச்சு. தனி ஆளுக்கு 20ல இருந்து 29 வரைக்கும் 110 பாயிண்ட், 30 ஆனா 105, 31 ஆனா 99, இப்படி வருஷத்துக்கு அஞ்சு ஆறு போகும், 40க்கு மேல வருஷத்துக்கு 11. 40 வயசுல 50, 44ல 6, 45ல ஒண்ணுமில்ல. பொறந்த நாள் அன்னைக்கு சிஸ்டமே குறைச்சிடும். ஒரே ஆறுதல், இன்விடேஷன் வந்தப்புறம் பொறந்த நாள் வந்தா அது பாதிக்காது. என் 484, 30ல 479 ஆச்சு, 31ல 473 ஆச்சு, புது ரிசல்ட்டோட 485 ஆச்சு. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"கிறது நம்ம ஊர்ல சுலபமா வர்ற வார்த்தை, இங்க அதுக்கு பாயிண்ட்ல விலை இருக்கு.

அண்ணன் தங்கச்சி கணக்கு

கூடப் பொறந்தவங்க கனடாவுல சிட்டிசனாவோ பிஆராவோ இருந்து, 18 வயசு ஆகி, அங்கயே குடியிருந்தா 15 பாயிண்ட். உங்க வீட்டுக்காரரோட இல்ல வீட்டுக்காரம்மாவோட கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் சரி. ஆனா பெரியப்பா பையன், சித்தி பொண்ணு எல்லாம் நமக்கு அண்ணன் தங்கச்சிதான், அவங்க கணக்குல கிடையாது, அத அப்படியே "பிரதர்"னு ஃபார்ம்ல போட்டா பொய் சொன்னதா ஆயிடும். யாழ்ப்பாணத்துல இருந்து போன் பண்ணின ஒரு தங்கச்சி ஸ்கார்பரோல அவங்களுக்கு பத்து அண்ணன்மார் இருக்காங்கன்னு சொன்னாங்க, கேட்டுப் பாத்தா எல்லாரும் ஒன்றுவிட்ட அண்ணன்மார். மாமா, சித்தப்பா, அத்தை இருந்தா சிஆர்எஸ்ல பாயிண்ட் இல்ல, ஆனா அந்த 67 கணக்குல 5 மார்க் உண்டு.

2025 வரைக்கும் டிரா எப்படி போச்சு

இங்கதான் கஷ்டமான விஷயத்த நேராவே சொல்லணும். 2023 ஜூன்ல இருந்து கேட்டகரி டிரா ஆரம்பிச்சாங்க, அதாவது ஸ்கோர் மட்டும் இல்ல, என்ன வேலைங்கிறதும் பாப்பாங்க. 2024 ஏப்ரலுக்கு அப்புறம் 2025 முழுக்க எல்லாருக்குமான பொது டிரா ஒண்ணுகூட வரல. 2025ல கனடா அனுபவம் இருக்கிறவங்களுக்கான டிராவே 500க்கு மேலதான் நின்னுச்சு. நான் வந்த அந்த 485 இருக்கே, அத வச்சுக்கிட்டு 2025ல கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சாஃப்ட்வேர் ஆள் சும்மா காத்திருந்தா ஒண்ணும் வந்திருக்காது.

சாஃப்ட்வேர் ஆளுன்னு ஏன் சொல்றேன்னா, 2023ல போட்ட ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) கேட்டகரி லிஸ்ட்ல சாஃப்ட்வேர் டெவலப்பர், இன்ஜினியர் எல்லாம் இருந்துச்சு, 2025 பிப்ரவரில அந்த லிஸ்ட மாத்தினப்போ எடுத்துட்டாங்க, சைபர் செக்யூரிட்டி, சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாதிரி சிலது மட்டும் நின்னுச்சு. அதே நாள்ல டீச்சர்களுக்கு எஜுகேஷன்னு புது கேட்டகரி வந்துச்சு, டிரான்ஸ்போர்ட் போச்சு, சமையல்காரங்க டிரேட்ஸ், அதாவது கைத்தொழில் லிஸ்ட்ல சேர்ந்தாங்க. நர்ஸ் வேலை பாக்குறவங்களுக்கு ஹெல்த் கேட்டகரி ஆரம்பத்துல இருந்தே இருக்கு, வளைகுடால வேலை பாக்குற நம்ம நர்ஸ் அக்காங்க நிறைய பேருக்கு இது தெரியவே இல்ல.

லிஸ்ட்ல உங்க வேலை இருக்கான்னு பாக்க அதோட என்ஓசி நம்பர் தெரியணும். நம்ம ஊர் நோ அப்ஜெக்ஷன் சர்டிஃபிகேட் இல்ல, கனடாவோட தொழில் பட்டியல் நம்பர். 2022 நவம்பர் 16ல அந்தப் பட்டியலையே மாத்தி அஞ்சு இலக்க நம்பர் ஆக்கிட்டாங்க, பூல்ல இருந்த நாங்க எல்லாரும் ப்ரொஃபைல திறந்து மாத்த வேண்டியதாச்சு. வேலையோட பேர வச்சு நம்பர் எடுக்காதீங்க, அதுக்குக் கீழ எழுதியிருக்கிற டூட்டீஸ படிச்சு, நீங்க நெசமா பாக்குற வேலைக்கு எது பொருந்துதோ அத எடுங்க. கேட்டகரிக்காக நம்பர மாத்திப் போட்டா ரெஃபரன்ஸ் லெட்டர் காட்டிக் குடுத்துடும்.

இப்படி கேட்டகரியும் இல்ல கனடா அனுபவமும் இல்லனா மிச்சம் இருக்கிறதுல எனக்கு ரொம்ப நம்பிக்கையானது ஃபிரெஞ்சு. சிரிக்காதீங்க. 2025 மார்ச் 21ம் தேதி ஃபிரெஞ்சு டிராவுல 7,500 பேர எடுத்தாங்க, கட்ஆஃப் 379. நாலு ஸ்கில்லுலயும் என்சிஎல்சி (சிஎல்பி மாதிரி ஃபிரெஞ்சுக்கான அளவுகோல்) 7 வேணும், டெஃப் கனடா இல்லனா டிசிஎஃப் கனடாங்கிற ஃபிரெஞ்சு டெஸ்ட் எழுதணும், அது வந்துட்டா இங்கிலீஷும் ஓரளவு இருந்தா கூடுதலா 50 பாயிண்ட் வேற. க்யூபெக்குக்கு வெளிய ஃபிரெஞ்சு பேசுறவங்க எண்ணிக்கைய கூட்டணும்ங்கிறது அவங்களுக்கு பல வருஷ கொள்கை, அதனால நாளைக்கே மாறிடும்னு எனக்குத் தோணல, மாறினாலும் அந்த மொழி உங்ககிட்டதான் இருக்கும். சென்னைலயும் பாண்டிச்சேரிலயும் அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ்ல கிளாஸ் இருக்கு. மூணு மாசத்துல முடியும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, வேலையும் பாத்துக்கிட்டு படிச்சா ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னே வச்சுக்கோங்க.

மாகாண நாமினேஷன் கிடைச்சா 600 பாயிண்ட், அது வந்துட்டா இன்விடேஷன் வந்த மாதிரிதான். ஆனா இரவல்ல பெரிய இரவல் அதுதான், 2025ல ஒண்டாரியோ மாகாணத்துக்கு குடுத்த நாமினேஷன் எண்ணிக்கைய 21,500ல இருந்து 10,750ஆ பாதியா வெட்டினாங்க. ஒரே மாகாணத்த பாத்துட்டு இருக்காதீங்க.

பேப்பர எல்லாம் இப்பவே எடுத்து வைங்க

இன்விடேஷன் வந்தா 60 நாள்தான். வந்தப்புறம் ஓடினா முடியாது, குறிப்பா யுனிவர்சிட்டி டிரான்ஸ்கிரிப்ட். படிப்பு மதிப்பீடு, ஈசிஏன்னு சொல்வாங்க, அது அஞ்சு வருஷம் செல்லும், ப்ரொஃபைல் போடுறதுக்கே வேணும்.

நம்மாளுங்களுக்குன்னே இருக்கிற சிக்கல் பேரு. மார்க்ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு, சிலருக்கு சர்நேமே காலி. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா, இருக்கிற பேர முழுசா ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டுட்டு கிவன் நேம காலியா விடணும்னு அவங்களே சொல்லியிருக்காங்க, புள்ளி கோடெல்லாம் போடக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட் நோட்டரிகிட்ட எடுத்து வச்சுக்கோங்க.

ரெஃபரன்ஸ் லெட்டர்ல வேலைப் பேரு, என்னென்ன செஞ்சீங்க, வாரத்துக்கு எத்தன மணி நேரம், சம்பளம், தேதி எல்லாம் லெட்டர்ஹெட்ல வரணும். வெறும் ரிலீவிங் லெட்டர் போதாது. பழைய கம்பெனி மேனேஜர் வேற எடத்துக்கு போறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

பணம் காட்டுறதுதான் அடுத்தது, தொகைய வருஷா வருஷம் ஏத்துவாங்க. 2025 ஜூலைல தனி ஆளுக்கு 15,263 கனடா டாலர், நாலு பேர் குடும்பத்துக்கு 28,362. ஊர்ல நாலு ஏக்கர் இருக்கு, ரெண்டு வீடு இருக்குங்கிறது கணக்குல வராது, கடன் வாங்கின பணமும் ஆகாது. பேங்க் லெட்டர்ல கடைசி ஆறு மாச சராசரி பேலன்ஸ் கேப்பாங்க, அதனால சீட்டு எடுத்தோ நகை வித்தோ ஒரே அடியா பணம் போட்டீங்கன்னா அதுக்கு ரசீத பத்திரமா வைங்க. நான் எப்பவும் சொல்றது, கேக்குற தொகைக்கு மேல ஒரு பத்து சதவீதம் கூட வைங்க, ரூபா விழுந்தாலும் தொகைய ஏத்தினாலும் தாங்கும்.

போலீஸ் கிளியரன்ஸ், கடைசி பத்து வருஷத்துல தொடர்ந்து ஆறு மாசமோ அதுக்கு மேலயோ இருந்த ஒவ்வொரு நாட்டுல இருந்தும் வேணும். துபாய், கத்தார், சிங்கப்பூர்னு சுத்தினவங்க அந்தந்த நாட்டுல எப்படி வாங்குறதுன்னு இப்பவே விசாரிங்க. மெடிக்கலும் அப்படித்தான், முன்னாடி அப்ளிகேஷன் போட்டப்புறம் சொல்லுவாங்க, அப்பப் போனா போதும், 2025 ஆகஸ்ட் 21ல இருந்து முன்னாடியே எடுத்து அப்ளிகேஷனோட சேர்க்கணும்னு மாத்திட்டாங்க. என்ன நம்பி "மெடிக்கல் அப்புறம்தான்"னு இருந்துடாதீங்க, நான் வந்தப்போ இருந்த ரூல் வேற. எனக்கு மட்டும் இல்ல, உங்களுக்கு முன்னாடி போன எந்த அண்ணன் சொன்னாலும் அவர் எந்த வருஷம் போனார்னு மொதல்ல கேளுங்க.

நடுவுல கல்யாணம் ஆனா

கண்டிப்பா ப்ரொஃபைல்ல மாத்தணும். கல்யாணமானவங்களுக்கு பாயிண்ட் பிரிக்கிற விதமே வேற, துணையோட படிப்பு, இங்கிலீஷ், கனடா அனுபவத்துக்கு கொஞ்சம் ஒதுக்கிட்டு உங்களோடதுல குறைப்பாங்க. ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி மெயின் ஆளா போட்டு கணக்கு பாருங்க, நிறைய வீட்டுல பொண்ணுக்குத்தான் ஸ்கோர் அதிகமா வருது, இருந்தும் பழக்கத்துல மாப்பிள்ளை பேர்ல போட்டு வருஷக்கணக்கா காத்திருக்காங்க. துணையும் ஐஇஎல்டிஎஸ் எழுதி நாலும் சிஎல்பி 9 வந்தா 20 பாயிண்ட் தனியா.

ஸ்கோர் குறையும்னு கல்யாணத்தையோ குழந்தையையோ மறைக்காதீங்க. அப்ளிகேஷன்ல சொல்லாம விட்டவங்கள பின்னாடி குடும்பமா ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிடவே முடியாமப் போகலாம், பொய் சொன்ன கேஸ் அது தனி. இன்விடேஷன் வந்தப்புறம் இப்படி எதாவது மாறி ஸ்கோர் கட்ஆஃப்க்கு கீழ போயிட்டா, அத டிக்ளைன் பண்ணிடுங்க, ப்ரொஃபைல் திரும்ப பூலுக்குப் போயிடும். பேசாம 60 நாள விட்டீங்கன்னா ப்ரொஃபைலே போயிடும், புதுசா முதல்ல இருந்து போடணும், ஒரே ஸ்கோர்ல நிக்கிறவங்கள்ல முன்னாடி போட்டவங்களுக்குத்தான் முன்னுரிமைங்கிறதால உங்க பழைய தேதியும் போயிடும்.

ஆள் வச்சு பண்ணணும்னா லாயர் இல்லனா லைசன்ஸ் உள்ள கன்சல்டண்ட்கிட்டயே போங்க. கன்சல்டண்ட் பேர காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டண்ட்ஸ் சைட்டுல தேடினா லைசன்ஸ் இருக்கா இல்லையான்னு காட்டும், பணம் குடுக்குறதுக்கு முன்னாடி தேடுங்க. யாரு பண்ணிக் குடுத்தாலும் ப்ரொஃபைலோட யூசர்நேம், பாஸ்வேர்ட், போட்டிருக்கிற என்ஓசி நம்பர் எல்லாம் உங்க கைல ஒரு காப்பி இருக்கணும், ப்ரொஃபைல் 12 மாசத்துல எக்ஸ்பயர் ஆகும், அந்தத் தேதிய அவங்க ஞாபகம் வச்சிருப்பாங்கன்னு விடாம நீங்களே போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க.